சிரட்டை அகப்பைக்கு பேட்டரி வேணுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நினைவுகளைப் பேச இந்த மேடையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. என்னைவிடச் சுவையாகப் பேசக்கூடியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அதனால் நான் மாணவர்களுக்கு நாளைக்குப் பயன்படுகிற ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டேன். இணையச் சந்தையில் ஒரு பொருளை விற்பனைக்கு ஏற்றும்போது நிரப்பச் சொல்கிறார்களே, அந்தக் கட்டங்கள். அவ்வளவுதான் பொருள். "இதைப் போய் ஒரு பேச்சா ஆக்கணுமா?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம் ஊரில் பல குடும்பங்களின் பிழைப்பு இப்போது அந்தக் கட்டங்களுக்குள்தான் நுழைந்து வெளியே வர வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளாக நம் மாவட்டத்துக் கைத்தொழிலாளிகள், மகளிர் குழுவினர் சிலருக்கு இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். ஒரு மகளிர் குழு சிரட்டையில் அகப்பை செய்கிறது. சிரட்டையை வழவழப்பாக்கி, கைப்பிடி மாட்டி, எண்ணெய் தடவிக் கொடுப்பார்கள். நல்ல வேலைப்பாடு. அதை ஒரு தளத்தில் ஏற்ற உட்கார்ந்தோம். படிவம் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். பிராண்டு பெயர் என்ன? மாடல் எண் என்ன? பார்கோடு எண் என்ன? உத்தரவாதம் எத்தனை மாதம்? பேட்டரி தேவையா? பேட்டரி உள்ளே வைத்துத் தரப்படுகிறதா?

குழுத் தலைவி என்னைப் பார்த்து, "அண்ணே, சிரட்டைக்கு என்னத்துக்கு பேட்டரி? இதுல கறி கோரணும், டார்ச் அடிக்கவா போறோம்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் கட்டம் அப்படியே இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

இன்னொரு கேள்வியும் வந்தது. "பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமா?" அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. சென்னையிலோ பெங்களூரிலோ அடுக்குமாடி வீட்டில் இருந்து வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். சுடுநீரும் சோப்பும் திரும்பத் திரும்பப் பட்டால் சிரட்டை வறண்டு விரிசல் விடும். "போடக் கூடாது" என்று எழுதினால் பொருள் திரும்பி வராது. ஆகவே நமக்கு வேடிக்கையாகத் தெரிவதெல்லாம் தேவையில்லாத கேள்வி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, "இது யாருடைய கேள்வி?" என்று கேட்க வேண்டும். இந்த உரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள்.

சிரட்டை என்றதும் 2018 ஜனவரி மாதத்துக் கதை ஒன்று நினைவுக்கு வரலாம். அமேசான் தளத்தில் ஒரு பாதிச் சிரட்டையைக் கிண்ணம் என்று பெயர் வைத்து, ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை போட்டிருந்தார்கள். தள்ளுபடி போகத்தான் அந்த விலை! நாடே சிரித்தது. நம் ஊரில் அடுப்பெரிக்கிற சாமான் அல்லவா! ஆனால் அந்தப் பக்கத்தில், இது உண்மையான தேங்காய், அதனால் விரிசலோ பள்ளமோ இருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. வாங்குகிறவருக்கு உருப்படியான செய்தி அதுதான். எந்தக் கட்டமும் கேட்காத செய்தி அது. விற்றவர் தாமாக எழுதிய வரி.

கட்டங்கள் எங்கிருந்து வந்தன?

தம்பி தங்கைகளே, இந்தக் கட்டங்கள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் இணையத்தில் ஓர் ஏலப் பக்கம் தொடங்கினார். அதுதான் பின்னால் ஈபே ஆனது. அதில் முதலில் விற்ற பொருளாகச் சொல்லப்படுவது உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு. 14 டாலர் 83 சென்டுக்குப் போனது. "உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா?" என்று கேட்டபோது, உடைந்த லேசர் விளக்குகளைத்தான் சேர்க்கிறேன் என்றாராம் வாங்கியவர். அன்றைக்குப் பொருளைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு பெரிய இடம்தான். அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். "உடைந்தது" என்ற ஒரே சொல் வியாபாரத்தை முடித்து வைத்தது.

பொருள்கள் ஆயிரம், லட்சம், கோடி என்று பெருகியபோது அது போதவில்லை. வாங்குகிறவர் "நீல நிறம், பருத்தி, ஐந்நூறு ரூபாய்க்குள்" என்று வடிகட்டிக் கேட்கிறார். ஒருவர் "நீலம்" என்றும் இன்னொருவர் "வானத்து நிறம்" என்றும் எழுதி வைத்தால் எந்திரத்துக்குப் பிடிபடாது. அதனால் நிறத்துக்கு ஒரு கட்டம், துணிக்கு ஒரு கட்டம், அளவுக்கு ஒரு கட்டம் என்று பிரித்தார்கள். இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. நூலகத்தில் அட்டைப் பெட்டி வைத்த அதே அறிவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டங்களை வடிவமைத்தவர்கள் மனத்தில் இருந்தது தொழிற்சாலைப் பொருள். அமேசான் 1995-இல் புத்தகக் கடையாகத்தான் தொடங்கியது. நம் நாட்டு ஃபிளிப்கார்ட்டும் 2007-இல் புத்தகக் கடையாகத்தான் தொடங்கியது. புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். என்று ஓர் எண் இருக்கிறது. எண்ணைச் சொன்னால் பெயர், பதிப்பு, பக்கம் எல்லாம் வந்துவிடும். ஒரு பிரதி போலத்தான் அடுத்த பிரதி. சோப்பும் கைபேசியும் அப்படித்தான். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்து டிராய் நகரக் கடையில் ஒரு சூயிங்கம் கட்டு முதன்முதலாக பார்கோடு காட்டி விற்கப்பட்டது. அந்தக் கோடுகளுக்கு அடிப்படையே இதுதான்: ஒரே எண் கொண்டவை எல்லாம் ஒரே பொருள்.

நம் சிரட்டை அப்படியா? ஒரு தென்னையில் ஒரு குலையில் காய்த்த இரண்டு தேங்காய்கூட ஒரே அளவு இருக்காது. இதற்கு மாடல் எண் எங்கே போய் வாங்க?

அப்புறம் அந்த பேட்டரிக் கேள்வி. அதற்கும் காரணம் உண்டு. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கிடங்கில் தனியாக வைக்க வேண்டும். பொம்மைக்குள் இருக்கலாம், கடிகாரத்துக்குள் இருக்கலாம், வாழ்த்து அட்டைக்குள்கூட இருக்கலாம். எதற்கு வம்பு என்று எல்லாப் பொருளுக்கும் ஒரே கேள்வியை வைத்துவிட்டார்கள். அகப்பை என்று பிரிவைத் தேர்ந்தெடுத்த பிறகு அந்தக் கட்டத்தை மறைத்திருக்கலாம். மறைக்க ஒரு நிபந்தனை எழுத வேண்டும். எழுதவில்லை. எழுதாதவருக்கு மிச்சமானது கொஞ்ச நேரம். நிரப்புகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ, அத்தனை பேருடைய நேரமும் அதில் போகிறது.

நான்கு வகைக் கேள்வி

நான் நிரப்பிப் பார்த்த வரையில் கட்டங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, சட்டம் கேட்கிற கேள்வி. பொட்டலமாக விற்கும் பொருளுக்குத் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, புகாருக்குத் தொடர்பு கொள்ள வழி ஆகியவற்றை இணையக் கடையிலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறை. எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் வற்புறுத்துகின்றன. உணவுப் பொருளென்றால் 14 இலக்க உரிம எண். இவற்றைப் பார்த்து முணுமுணுக்கக் கூடாது. வாங்குகிறவருக்கு நம் முகம் தெரியாது. முகத்துக்குப் பதில் முகவரி.

இரண்டாவது, வாங்குகிறவர் கேட்கிற கேள்வி. நீளம், எடை, எதனால் செய்தது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும். நேந்திரங்காய் சிப்ஸ் என்றால் நம் ஊர்க்காரர் முதலில் கேட்பது "தேங்கா எண்ணெயில பொரிச்சதா?" என்பது. நல்ல படிவம் இதை முதல் பக்கத்தில் கேட்கும்.

மூன்றாவது, எந்திரம் கேட்கிற கேள்வி. வடிகட்டிக் காட்டுவதற்காக, வரி போடுவதற்காக, வண்டியில் ஏற்றுவதற்காக. பெட்டியின் நீள அகலம், வரிக்கான எச்.எஸ்.என். குறியீடு, இந்த மாதிரி. அந்தக் குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உலக அளவில் 1988 முதல் நடைமுறையில் இருக்கும் பகுப்பு அது. தேங்காய் 0801, வாழைப்பழம் 0803, கிராம்பு 0907, தேன் 0409. உலகத்துச் சரக்கு எல்லாவற்றையும் ஒரு மரம்போலக் கிளை பிரித்து வைத்திருக்கிறார்கள். வாழைப்பழக் கிளைக்குப் போனவரிடம் இரும்பைப் பற்றிக் கேட்காது. ஒழுங்காகப் பிரித்தால் தேவையில்லாத கேள்வி தானாக உதிர்ந்துவிடும் என்பதற்கு அதுவே சாட்சி.

நான்காவது, யாரும் கேட்காத கேள்வி. ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு பொருளுக்காக வைத்தது. இன்று எதற்கென்று யாருக்கும் தெரியாது. எடுத்தால் எங்கேயாவது இடிந்து விழுமோ என்ற பயத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். மட்டிப்பழத்துக்கு "சுவை" என்று ஒரு கட்டம். வாழைப்பழத்துக்கு வாழைப்பழச் சுவை என்றுதானே எழுத முடியும்? அது ஜாமுக்கும் பிஸ்கட்டுக்கும் வைத்த கட்டம். ஆரஞ்சா, அன்னாசியா என்று கேட்க வேண்டிய இடம். பழத்தின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சாமிக்க நகை ஆணா, பெண்ணா?

இதனால் என்ன நஷ்டம், ரெண்டு கட்டம் கூட இருந்தால் என்ன என்று கேட்கலாம். வடசேரிக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

வடசேரி கோயில் நகைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளியில் உருவம் செய்து, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கல் பதித்து, மேலே தங்க ரேக்கு சேர்த்துச் செய்வது. தெய்வத் திருமேனிகளுக்காக வந்த கலை, பரதநாட்டிய மேடைக்கும் போனது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், ஒரு அளவு. நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் 2007-08 ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது.

ஒரு பெரியவர் செய்த நகையை ஏற்ற உட்கார்ந்தோம். "யாருக்கு?" என்று ஒரு கட்டம். ஆண், பெண், சிறுவன், சிறுமி, இருபாலர் என்று ஐந்து விடை. அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, இது சாமிக்க நகை. ஆம்பளைண்ணு போடவா, பொம்பளைண்ணு போடவா? நாலடி விக்கிரகமா, ரெண்டடி விக்கிரகமாண்ணுல்லா இவன் கேக்கணும்?" என்றார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் அதற்குக் கட்டம் இல்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த கட்டம், "தங்கத்தின் தரம்: 14, 18, 22 காரட். ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்." இது வெள்ளியில் தங்க ரேக்கு. மூன்றில் எதுவும் இல்லை. "பொருந்தாது" என்ற விடையும் இல்லை. பக்கத்தில் இருந்த பையன், "ஏதாவது ஒண்ணை அமுக்கிட்டுப் போவோம். யாரு பாக்கப் போறா?" என்றான். பெரியவர், "பொய்யா எழுதப்பிடாது மக்கா" என்று எழுந்துவிட்டார். அன்றைக்கு அந்த நகை ஏறவில்லை.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் விளையாட்டு வினையாகிறது. அமுக்கியிருந்தால் என்ன ஆகும்? 22 காரட் என்று அச்சாகிவிடும். வாங்கினவர் உரசிப் பார்த்துவிட்டுப் புகார் கொடுப்பார். தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிற காலம் இது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது. கட்டத்தை வைத்தவர் மாட்ட மாட்டார். அமுக்கினவர் மாட்டுவார். பொருத்தமில்லாத கேள்வியைக் கட்டாயமாகக் கேட்பது, பொய் சொல்லுடா என்று ஒருவனைப் பிடித்துத் தள்ளுவதுபோல. நேர்மையானவர் எழுந்து போய்விடுகிறார். மற்றவர் எதையோ அமுக்கி உள்ளே போகிறார். கடைசியில் சந்தையில் யார் மிஞ்சுவார் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, விட்டுவிட்டுப் போகலாமே என்றால், கட்டாயமில்லாத கட்டத்தைக்கூட விட முடியாது. வாங்குகிறவர் ஓரத்தில் இருக்கும் பட்டியலில் ஒன்றை அமுக்கி வடிகட்டும்போது, அந்தக் கட்டம் காலியாக இருக்கும் பொருள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கடை திறந்திருக்கும், பலகையும் தொங்கும். ஆனால் அந்தத் தெருவுக்கே ஆள் வராது.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. மட்டிப்பழத்தின் பெருமை என்ன? நார் இல்லாதது, மணமுள்ளது, கைக்குழந்தைக்கு முதல் பழமாகக் கொடுக்கலாம். தேன்மட்டி, செம்மட்டி, மலைமட்டி என்று வகை இருக்கிறது. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் படிவத்தில் "பழத்தின் வகை" என்று பட்டியலைத் திறந்தால் மட்டியைக் காணோம். "மற்றவை" என்று போட வேண்டியிருக்கிறது. ஏத்தனும் இல்லை, பாளையங்கோட்டனும் இல்லை. இவ்வளவு பேரும் "மற்றவை"! தேடுகிறவருக்கு மட்டி என்ற பெயரே கண்ணில் படாது. தேவையில்லாததைக் கேட்பதைவிட, தேவையானதைக் கேட்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சரியாகக் கேட்ட படிவங்கள்

படிவம் என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சரியாகக் கேட்ட படிவங்களும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

புவிசார் குறியீட்டு விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ஆம் ஆண்டுச் சட்டம், 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. அந்த விண்ணப்பம் என்ன கேட்கிறது? பொருளின் விவரம் என்ன, எந்தப் பகுதியில் விளைகிறது அல்லது செய்யப்படுகிறது, வரைபடம் எங்கே, அந்த ஊருக்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பு உண்டென்பதற்கு என்ன சான்று, எப்படிச் செய்கிறார்கள், வேறெங்கும் இல்லாத தனித்தன்மை என்ன, தரத்தை யார் சோதிப்பார்கள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும், கன்னியாகுமரி கிராம்புக்கும், மார்த்தாண்டம் தேனுக்கும், தோவாளை மாணிக்க மாலைக்கும் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதித்தான் குறியீடு வாங்கினார்கள். இவ்வளவு விடையையும் எழுதி வைத்துவிட்டு, விற்கிற இடத்தில் வந்து "மாடல் எண் என்ன?" என்ற கேள்விக்கு முழித்துக்கொண்டு நிற்கிறோம்.

இதைவிடப் பழைய உதாரணம் ஒன்றும் மார்த்தாண்டத்தில் இருக்கிறது. 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் கிராம மறுசீரமைப்பு மையம் ஒன்றை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு எல்லாம் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு ரெண்டு மூன்று கோழி வைத்திருந்தவர்களின் முட்டைகளைக் கூட்டுறவாகச் சேர்த்து, தரம் பிரித்து, வெளியூர்ச் சந்தைக்கு அனுப்பினார்கள். முட்டை வாங்குகிறவனுக்கு என்ன தெரிய வேண்டும்? புதுசா, பெருசா, அவ்வளவுதான். கோழியின் நிறம் வேண்டாம், கூட்டின் நீள அகலம் வேண்டாம். தூரத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கு விற்பது என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. நூறு ஆண்டுக்கு முன்னாலேயே செய்திருக்கிறார்கள். கணினி இல்லை, ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்ற தெளிவு இருந்தது.

நாம் என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு இறங்குவது எளிது. செய்யக்கூடியதாக மூன்று காரியம் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலில், விற்கிறவர்களுக்கு. பொருந்தாத கட்டத்தில் பொய் எழுதாதீர்கள். "பொருந்தாது" என்று போட வழியிருக்கிறதா என்று தேடுங்கள். பல இடங்களில் இருக்கிறது. பார்கோடு எண் இல்லாத பொருளுக்கு ஈபேயில் அப்படிப் போடலாம். அமேசானில் அந்த எண்ணிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வழியே இல்லையென்றால் விவரம் எழுதும் பெரிய இடத்தில் முதல் வரியிலேயே உண்மையை எழுதிவிடுங்கள், தளத்தாருக்கும் எழுதிக் கேளுங்கள். கட்டாயக் கட்டம் பொய்யைத்தான் கேட்கிறது என்றால், வடசேரிப் பெரியவர் செய்ததுபோல எழுந்துவிடுவதே மேல். வேறு தளம் பார்க்கலாம். சொந்த ஊர்ப் பெயரை, வகைப் பெயரை, தமிழ்ப் பெயரை விடாமல் எழுதுங்கள். மட்டி என்று நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

இரண்டாவது, கணிப்பொறி படிக்கிற தம்பி தங்கைகளுக்கு. நாளைக்கு இந்தப் படிவங்களை எழுதப் போவது நீங்கள்தான். இங்கே படித்துவிட்டு திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் அதே வேலையில்தான் உட்காரப் போகிறீர்கள். ஒரு கட்டம் வைக்கும் முன் யாருடைய கேள்வி என்று எழுதி வையுங்கள். விடை தெரியாவிட்டால் கட்டம் வேண்டாம். பொருளின் வகையைத் தேர்ந்தெடுத்த பிறகு அந்த வகைக்கு உரியதை மட்டும் காட்டுங்கள். கட்டாயம் என்று நட்சத்திரம் போடும் ஒவ்வொரு இடத்திலும் "பொருந்தாது" என்ற விடையை வையுங்கள். ஒரு கட்டத்தில் ஆயிரம் பேர் "மற்றவை" என்று போடுகிறார்கள் என்றால், பட்டியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அந்த ஆயிரத்தையும் திறந்து படியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, படிவத்தை வெளியிடும் முன் சிரட்டை அகப்பை செய்கிற ஓர் அக்காவை உட்கார வைத்து நிரப்பச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே சிரிக்கிறாரோ அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

மூன்றாவது, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் மாவட்டத்துப் புவிசார் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வித்தாள் தயாரிப்போம். மட்டிப்பழம் வாங்குகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும், கோயில் நகை வாங்குகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று பத்துப் பத்துக் கேள்வி. தாவரவியல் மாணவர்கள் பழத்துக்கு எழுதட்டும். வணிகவியல் மாணவர்கள் சட்டத்தையும் வரியையும் பார்க்கட்டும். தமிழ்த்துறை மாணவர்கள் வடசேரிக்கும் தோவாளைக்கும் போய்ச் சரியான சொல்லைக் கேட்டு வரட்டும். கணிப்பொறி மாணவர்கள் அதைக் கட்டங்களாக்கட்டும். தயாரானதும் தளத்தாருக்கு அனுப்புவோம். 2021 டிசம்பரில் நிறுவனமாகப் பதிவான ஓ.என்.டி.சி. என்ற திறந்த வணிக வலையமைப்பு தன் தொழில்நுட்ப விதிமுறைகளை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அங்கே போய் "எங்கள் பழத்துக்கு இந்தக் கட்டம் வேண்டும்" என்று கேட்க நம் பிள்ளைகளுக்குத் தகுதி இருக்கிறது. செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது. பஸ் காசும் சாயாக் காசும் சங்கம் தந்தால் போதும். அந்தக் காசில் என் பங்கை இன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

படிவம் என்பது ஒருவர் இன்னொருவரிடம் கேட்கிற கேள்வி. கேட்கிறவருக்கு எதிரில் இருப்பவர் யார், அவர் கையில் இருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பொருளைப் பற்றித் தெரிந்தவர்கள் நாம்தான். ஆகவே கேள்வியையும் நாமே எழுதித் தருவோம்.